பெங்களூரு மரவேலைக் கண்காட்சியில் கண்ட மின்கருவிகள்: நம் பக்கத்துப் பட்டறைகளுக்கு எது முதலில்?

காவேரிப்பட்டணம் பட்டறை:

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரு துமகூரு சாலையிலுள்ள பன்னாட்டுக் கண்காட்சி மையத்தில் இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் இண்டியாவுட் கண்காட்சிக்குப் போய்வந்த மரவேலைக்காரர்கள் இந்தக் குழுவில் பலர் இருக்கிறீர்கள். ஓசூரைத் தாண்டிப் பொம்மசந்திராவில் மெட்ரோ ஏறி, ஆர்.வி. சாலையில் வண்டி மாறினால் மையத்தின் அருகிலேயே மாதவரா நிலையத்தில் இறங்கிவிடலாம் என்பதால், இனிப் போகிறவர்கள் கூடுவார்கள் என்றே நினைக்கிறேன். ஆனால் போய்வந்தவர்களின் பேச்சு, அங்கே என்னென்ன இருந்தன என்பதோடு நின்றுவிடுகிறது. மூன்று நான்கு பேர் வேலைசெய்யும் ஒரு கிருஷ்ணகிரிப் பட்டறையோ தருமபுரிப் பட்டறையோ அவற்றுள் எதை முதலில் வாங்க வேண்டும், எதற்குக் காத்திருக்கலாம் என்ற பேச்சு நடக்கவேயில்லை. அதற்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

இப்போதைய கண்காட்சிகளில் கூட்டம் நிற்பது பெரும்பாலும், சுழலும் வெட்டியால் மரத்தைக் குடையும் கணினி ரவுட்டருக்கு முன்னால்தான். அது கதவில் கொடியும் மயிலும் செதுக்குவதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம் என்பது உண்மை. அதற்கு அடுத்தபடியாகப் பேட்டரியில் ஓடும் வட்ட ரம்பங்கள், தண்டவாளம் போன்ற சட்டத்தின்மேல் வழுக்கிச் சென்று பிளைவுட்டை நேராக அறுக்கும் ரம்பங்கள், தேயும் கார்பன் பிரஷ் இல்லாத, அதாவது கார்பனில்லா மோட்டார் பொருத்திய டிரில்கள் ஆகியவற்றைக் கையில் எடுத்துப் பார்க்கிறார்கள். தூசி உறிஞ்சிகளும், விரல் பட்டால் நின்றுவிடும் மேசை ரம்பங்களும் இருக்கும் பக்கம் நம் ஆட்கள் அதிகம் நிற்பதில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் பட்டறைகளில் வேலை வேகம் போதவில்லை என்பது இரண்டாம் குறைதான். ஐம்பது வயதைத் தாண்டிய எத்தனை ஆசாரிகளுக்குப் பத்து விரலும் முழுதாக இருக்கின்றன என்று அவரவர் ஊரில் எண்ணிப் பாருங்கள். விரலையும் நுரையீரலையும் காக்கும் கருவிக்கு முதல் பணம், வேகத்துக்கு அடுத்த பணம் என்பதே என் நிலைப்பாடு. மாறுபடுகிறவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.

ஓசூர் பராமரிப்பாளர்:

ஐயா, விரல் பட்டால் நிற்கும் ரம்பத்தைப் பற்றிச் சரியான செய்தி நம் பக்கத்தில் பரவவில்லை. அதனால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

அமெரிக்கரான ஸ்டீவ் காஸ் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர், தொழிலால் காப்புரிமை வழக்கறிஞர். அவர் 1999ஆம் ஆண்டில் இந்த அமைப்பை உருவாக்கி, 2000ஆம் ஆண்டு அட்லாண்டா மரவேலைக் கண்காட்சியில் அதைக் காட்டினார். பழைய கருவி நிறுவனங்கள் உரிமம் பெற முன்வராததால் அவரும் நண்பர்களும் சாஸ்டாப் என்ற பெயரில் தாங்களே ரம்பம் செய்து 2004இல் விற்கத் தொடங்கினார்கள். 2017இல் ஃபெஸ்டூல் என்ற கருவி நிறுவனத்தின் தாய் நிறுவனம் அதை வாங்கியது.

பிளேடில் மிகச் சிறிய மின் சமிக்ஞை ஒன்று எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். உலர்ந்த மரம் மின்சாரத்தைக் கடத்தாது, மனித உடல் கடத்தும். விரல் பல்லைத் தொட்ட உடனே சமிக்ஞையின் அளவு சரிகிறது. அதை உணர்ந்த மின்னணுப் பலகை ஒரு மெல்லிய கம்பியை எரித்து அறுக்க, அந்தக் கம்பி பிடித்து வைத்திருந்த வில் விடுபட்டு, அலுமினியக் கட்டை ஒன்றைச் சுழலும் பற்களுக்குள் செலுத்துகிறது. 5 மில்லிநொடிக்குள் பிளேடு நின்று மேசைக்கு அடியில் இறங்கிவிடும். நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றும் பிளேடு அந்த நேரத்துக்குள் மூன்றில் ஒரு சுற்றைத் தாண்டாது. விரலில் கீறல் விழும், விரல் போகாது.

விலையைத் தாண்டி நம் ஊருக்கென்று சில சிக்கல்கள் உண்டு. ஒருமுறை இயங்கிய கட்டையையும் அதன் பெட்டியையும் மாற்றித்தான் ஆக வேண்டும். பிளேடும் பெரும்பாலும் வீணாகும். மேலும், ஈரமரம் மின்சாரத்தைக் கடத்தும். தோப்பில் வெட்டி, மில்லில் அறுத்து, சரியாகக் காயாமல் வரும் மாம்பலகையை அதில் தள்ளினால் விரல் படாமலேயே அந்தக் கட்டை பாய்ந்து பிளேடை நிறுத்திவிடக்கூடும். அலுமினிய முகப்புள்ள தட்டிகளை அறுத்தாலும் அப்படியே. அதற்காக உணர்வை நிறுத்தி வைத்து ஓட்டும் வழி அந்த ரம்பத்திலேயே இருக்கிறது. ஆனால் நிறுத்தி வைத்து ஓட்டுவதே பழக்கமாகிவிட்டால் அந்தக் கூடுதல் பணத்தைக் கொடுத்ததில் பயனில்லை.

ஆஸ்திரியாவின் ஃபெல்டர் நிறுவனம் 2019இல் ஹனோவர் கண்காட்சியில் வேறு வழியைக் காட்டியது. அதில் கை பிளேடை நெருங்கும்போதே மின்புல மாற்றத்தை உணர்ந்து, மின்காந்த விசையால் பிளேடைக் கீழே தள்ளிவிடுகிறார்கள். எதுவும் உடைவதில்லை, ஒரு பொத்தானை அழுத்திவிட்டு வேலையைத் தொடரலாம். ஜெர்மனியின் ஆல்டென்டார்ஃப் மேசைக்கு மேலே கேமரா வைத்துக் கையை அடையாளம் கண்டு பிளேடை இறக்குகிறது. இரண்டும் பெரிய தொழிற்சாலைகளுக்கான பலகை ரம்பங்கள். ஓசூரிலுள்ள மரச்சாமான் ஆலைகள் இவற்றை நிச்சயம் எண்ணிப் பார்க்க வேண்டும். தொழிலாளரை அங்கே நிறுத்துகிறவர்கள் அவர்கள்தாம்.

பாலக்கோடு தச்சர்:

ஓசூர்த் தம்பி எழுதியது முழுவதும் உண்மைதான். ஆனால் அந்த ரம்பம் பாலக்கோட்டுக்கோ பென்னாகரத்துக்கோ வருவதற்கு இன்னும் பல காலம் ஆகும். அதுவரை நம் விரலை எடுத்துக்கொண்டிருப்பது எது? அதைப் பேசாமல் கண்காட்சியைப் பற்றிப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை.

நம் இரண்டு மாவட்டங்களிலும் பிளைவுட் அறுக்கும் கருவி என்றால் அது மார்பிள் கட்டர்தான். கல் அறுப்பதற்காகச் செய்த கருவியில் பல் வைத்த மரப் பிளேடை மாட்டி, பாதுகாப்பு மூடியையும் கழற்றிவிட்டு, ஒரு கையால் பலகையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் ஓட்டுகிறார்கள். இதைப் புதிதாக வரும் பையனுக்கும் இப்படியே கற்றுத் தருகிறோம். 110 மி.மீ. பிளேடு நிமிடத்துக்கு 13,000 சுற்று சுற்றும்போது அதன் பல் நொடிக்கு ஏறத்தாழ 75 மீட்டர் ஓடுகிறது. ஏழே கால் அங்குலம், அதாவது 184 மி.மீ. பிளேடுள்ள முறையான வட்ட ரம்பம் 5,500 சுற்றில் நொடிக்கு ஏறத்தாழ 53 மீட்டர்தான் ஓடும். மாட்டியிருக்கும் மரப் பிளேடு அத்தனை சுற்றைத் தாங்குமா என்று அதன் மேல் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து வாங்குகிறவர் அரிது.

வேகத்தை விடப் பெரிய தீங்கு வேறு. கல் அறுக்கும் வட்டு, கல்லைத் தேய்த்துத் தின்கிறது, கடித்து இழுப்பதில்லை. மரப் பிளேடின் பல் கடிக்கும். அறுத்த பிளவு உள்ளழுத்தத்தால் மூடிப் பிளேடை இறுக்கும்போது, கருவி முழுவதும் ஆளை நோக்கி உதைக்கிறது. அந்த உதைப்பைக் கணக்கில் வைத்துத்தான் வட்ட ரம்பத்தில் இரண்டு கைப்பிடி, அகலமான அடித்தட்டு, தானாக மூடிக்கொள்ளும் கீழ்மூடி ஆகியவற்றை வைத்திருக்கிறார்கள். மார்பிள் கட்டரில் ஒரு கைப்பிடிதான், தானாக மூடும் மூடியும் இல்லை. பலவற்றில் சுவிட்சை அழுத்திப் பூட்டிவிடும் பொத்தான் வேறு இருப்பதால், கையிலிருந்து நழுவிய பின்னும் அது ஓடிக்கொண்டே இருக்கும். இரும்பு அறுக்கும் கை கிரைண்டரில் மரப் பிளேடு மாட்டுகிறவர்களைப் பற்றி என்ன சொல்வது? அதை இன்றே நிறுத்த வேண்டும்.

வெட்டும் ஆழத்திலும் கட்டர் பின்தங்கியதுதான். 110 மி.மீ. பிளேடு ஒன்றேகால் அங்குலத்தைத் தாண்டத் திணறும், ஏழே கால் அங்குல ரம்பம் இரண்டரை அங்குலம் வரை ஒரே ஓட்டத்தில் அறுக்கும். வேப்பம் பலகையை இரண்டு பக்கமும் திருப்பிப் போட்டு அறுக்கும் நேரமே கூலியில் பாதியைத் தின்கிறது. ஆகவே கண்காட்சிக்குப் போகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றே: மின்கம்பி உள்ள சாதாரண வட்ட ரம்பம் ஒன்றும், அதற்கு ஏற்ற வழிகாட்டிச் சட்டம் ஒன்றும் வாங்கி வாருங்கள். மார்பிள் கட்டரை டைல்ஸ் வேலைக்காரருக்குக் கொடுத்துவிடுங்கள்.

பர்கூர் இளைஞர்:

அண்ணா, ஒரு சந்தேகம். அமெரிக்காவில் இருக்கும் உறவினர் ஊருக்கு வரும்போது அங்கிருந்து ஒரு சிறிய மேசை ரம்பமும் ரவுட்டரும் வாங்கி வருவதாகச் சொல்கிறார். அங்கே விலை குறைவு என்கிறார். வாங்கி வரச் சொல்லலாமா?

ஓசூர் பராமரிப்பாளர்:

வேண்டாம் தம்பி. அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நேராகச் செருகினால் அந்த நொடியே மோட்டார் எரியும். மின்மாற்றி வைத்து வோல்ட்டைக் குறைத்தாலும் ரம்பம் இழுக்கும் மின்சாரத்துக்கு ஏற்ற மின்மாற்றி அதிக எடையில் இருக்கும், விலையும் மிச்சத்தை விழுங்கிவிடும். கனமான ரம்பங்களில் இருக்கும் தூண்டல் மோட்டாராக இருந்தால், 50 ஹெர்ட்ஸில் அதன் வேகம் ஆறில் ஐந்து பங்காகக் குறைந்து சூடேறும். பேட்டரி டிரில்லை மட்டும் வாங்கலாம், ஆனால் சார்ஜர் இங்கே உள்ளதாக இருக்க வேண்டும். உத்தரவாதம் இங்கே செல்லாது என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

அரூர் உள்வேலை:

பேட்டரிக் கருவிகளைப் பற்றிச் சற்று நிதானமாகப் பேச வேண்டும். கண்காட்சியில் விற்பனையாளர்கள் அதிகம் அழுத்திப் பேசுவது இதைத்தான்.

18 வோல்ட் கருவியை விட 20 வோல்ட் கருவி வலுவானது என்று நம்பிப் பணம் கொடுக்கிறார்கள். இரண்டுக்குள்ளும் வரிசையாக இருப்பவை ஐந்து லித்தியம் செல்கள்தாம். ஒரு செல்லின் சராசரி 3.6 வோல்ட் என்று கொண்டால் 18, முழுதாக ஏற்றிய உடன் இருக்கும் ஏறத்தாழ 4 வோல்ட்டைக் கொண்டால் 20. எழுதியிருக்கும் எண்ணை விட்டுவிட்டு, பேட்டரி தேக்கும் மொத்த ஆற்றலைச் சொல்லும் வாட்-மணியைப் பாருங்கள். 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணிப் பேட்டரி என்றால் 90 வாட்-மணி. 1,400 வாட் இழுக்கும் ரம்ப வேலையை அதன்மேல் முழுச் சுமையோடு ஏற்றினால் நான்கு நிமிடம்கூட நிற்காது. அறுப்பது விட்டுவிட்டு நடப்பதால் நடைமுறையில் அதைவிடக் கூடுதலாக வரும், ஆனால் நாள் முழுவதும் பிளைவுட் அறுக்கும் பட்டறைக்கு அது ஏற்றதன்று. டிரில், திருகு முடுக்கி, சிறிய வெட்டு, கட்டடத்தின் மாடியில் இன்னும் மின் இணைப்பு வராத வீடு ஆகியவற்றுக்குப் பேட்டரிதான் சிறந்தது. அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் புதிதாகக் கட்டும் வீடுகளில் ஒரே ஒரு தற்காலிக இணைப்பு இருக்கும், அதிலும் கொத்தனார் கலவை இயந்திரம் ஓட்டிக்கொண்டிருப்பார். அங்கே பேட்டரி இல்லாமல் வேலை ஓடாது.

புதிய பேட்டரிகளில் உண்மையான முன்னேற்றம் செல்லின் உள்ளே நடந்திருக்கிறது. பழைய செல்லின் விட்டம் 18 மி.மீ., நீளம் 65 மி.மீ.; புதியது 21 மி.மீ. விட்டமும் 70 மி.மீ. நீளமும் கொண்டது. பருத்த செல் கூடுதல் மின்னோட்டத்தைச் சூடேறாமல் தருகிறது. ஆனால் நம் கோடையில் தகரக் கூரைப் பட்டறைக்குள், வெயிலில் நின்ற பேட்டரியை எடுத்த உடனே சார்ஜரில் செருகக் கூடாது. நாற்பது டிகிரியைத் தாண்டிய சூட்டில் ஏற்றினால் செல்லின் ஆயுள் குறையும், நல்ல சார்ஜர் ஏற்ற மறுத்துக் காத்திருக்கும். அதைப் பழுது என்று எண்ணிக் கடைக்குத் தூக்கிப் போகிறவர்கள் உண்டு.

இன்னொன்று: ஒரு நிறுவனத்தின் பேட்டரி மற்றதில் பொருந்தாது. பாஷ் நிறுவனம் சிலரோடு கூட்டுச் சேர்ந்து ஒரே 18 வோல்ட் பேட்டரியைப் பல நிறுவனக் கருவிகளில் பயன்படுத்த வகை செய்திருக்கிறது என்றாலும், பொதுவாக முதல் டிரில்லை வாங்கும்போதே அடுத்த பத்தாண்டுக்கான நிறுவனத்தையும் தேர்ந்துகொள்கிறோம். ஆகவே எந்த நிறுவனத்தின் பழுது நீக்கும் நிலையம் சேலத்திலோ ஓசூரிலோ பெங்களூரிலோ இருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் முதல் கருவியை வாங்க வேண்டும்.

தருமபுரி மோட்டார் கடை:

அரூர் நண்பர் சொன்ன கடைசிச் செய்தியோடு என் அனுபவத்தைச் சேர்க்கிறேன். கார்பன் உள்ள மோட்டாரில் கார்பன் தேய்ந்தால் சில நூறு ரூபாய்க்குள் மாற்றிவிடலாம். மோட்டாருக்குள் சுழலும் ஆர்மேச்சர் எரிந்தால் நாங்களே காயில் சுற்றித் தருகிறோம். கார்பனில்லா மோட்டார் சிறப்பானது என்பதில் ஐயமில்லை: தேய்வு இல்லை, ஒரே பேட்டரியில் கூடுதல் வேலை, சுமைக்கு ஏற்ப வேகத்தைத் தானே காத்துக்கொள்ளும். ஆனால் அதை ஓட்டுவது ஒரு மின்னணுப் பலகை. அது போனால் முழுப் பலகையையும் வாங்க வேண்டும். மின்கம்பியில் ஓடி, நாள் முழுவதும் அடிபடும் கருவியைக் கார்பன் உள்ளதாகவும், பேட்டரியில் ஓடுவதைக் கார்பனில்லாததாகவும் வாங்குவது நம் பக்கத்துக்குப் பொருந்தும் என்பது என் எண்ணம். மரத்தூளை வாரம் ஒருமுறை காற்றடித்து வெளியேற்றினாலே எங்களிடம் வரும் கருவிகளில் பல வராமல் போகும்.

தேன்கனிக்கோட்டை ஆசாரி:

கருவியைப் பற்றி இத்தனை பேசிவிட்டோம், நாம் இழைக்கும் மரத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. கண்காட்சியில் எல்லாக் கருவிகளையும் பைன் பலகையிலோ பீச் பலகையிலோ ஓட்டிக் காட்டுவார்கள். அது வெண்ணெய் போல் சீவும். நாம் இழைப்பது வேம்பு, வாகை, வேங்கை, மா, புளி. வேம்பிலும் வாகையிலும் மரநார் ஓடும் ரேகை ஓரடுக்கில் ஒரு பக்கம் சாய்ந்து, அடுத்த அடுக்கில் எதிர்ப்பக்கம் சாய்கிறது. எந்தப் பக்கம் வைத்து இழைத்தாலும் பாதி எதிர்ரேகையில்தான் ஓடும், பிளேனர் என்னும் இழைப்பு இயந்திரத்தின் கத்தி அங்கே பிய்த்து எடுத்துவிடும். தேக்கு இழைக்க இணக்கமானது, ஆனால் அதனுள் இருக்கும் சிலிக்கா கத்தியின் முனையை மழுக்கும்.

அதனால் நான் எல்லோரையும் பார்க்கச் சொல்வது, சுருள் வரிசையில் சிறு சிறு கார்பைடு கத்திகள் பொருத்திய பிளேனர் உருளையை. நீளமான மூன்று கத்திகளுக்குப் பதிலாக, நகத்தளவு சதுரக் கத்திகள் உருளை முழுவதும் சுற்றிச் சுற்றி அமைந்திருக்கும். ஒவ்வொன்றும் மரத்தைச் சாய்வாகத் தொட்டுச் சீவுவதால் எதிர்ரேகையில் பிய்வது பெரிதும் குறைகிறது, இரைச்சலும் பாதியாகிறது. ஒரு முனை மழுங்கினால் கத்தியைக் கால் சுற்றுத் திருப்பினால் புது முனை, இப்படி நான்கு முனைகள். பழைய வீடு இடித்த உத்திரத்தை வாங்கி இழைக்கும்போது மறைந்திருந்த ஆணி பட்டால், நீளக் கத்தி முழுவதையும் சாணை பிடிக்க வேண்டியதில்லை, அடிபட்ட இரண்டு மூன்று கத்திகளைத் திருப்பினால் போதும். விலை கூடுதல்தான். ஆனால் வேம்பில் கதவு செய்கிறவர் மணல்தாளில் செலவழிக்கும் நேரத்தைக் கணக்கிட்டால் அந்த விலை திரும்பிவிடும்.

மூட்டுக் கருவியைப் பற்றியும் ஒரு சொல். ஃபெஸ்டூல் நிறுவனத்தின் டாமினோ என்ற கருவியைப் பலரும் வியந்து பேசுகிறார்கள். அதன் துளைப்பான் சுழன்றுகொண்டே பக்கவாட்டில் ஊசலாடி, நீள்வட்டத் துளையை நொடியில் எடுக்கும்; இரு பலகையிலும் துளையெடுத்து, தனியாக வாங்கும் பீச் கழுந்தை, அதாவது இரண்டையும் இணைக்கும் மரத்துண்டை, பசையோடு செருக வேண்டியதுதான். சிறிய கருவி 4 முதல் 10 மி.மீ. தடிப்புள்ள கழுந்துக்கும், பெரியது 14 மி.மீ. வரையுள்ள கழுந்துக்கும் உரியது. அலமாரிச் சட்டம், கட்டில் தலைமாட்டுச் சட்டம், நாற்காலி ஆகியவற்றுக்கு இதைவிட நேரம் மிச்சம் செய்யும் கருவியை நான் கண்டதில்லை. ஆனால் ஐந்துக்கு மூன்று அங்குல வேப்பமர நிலைக்கு இது போதாது. சுவரின் எடையும் கதவின் ஆட்டமும் தாங்க வேண்டிய மூட்டுக்கு, நிலைக்காலின் உடலிலிருந்தே எடுத்த முழுக் கழுந்தும் மரஆணியும் வேண்டும். புதுக் கருவி கையில் இருக்கிறது என்பதற்காக எல்லா மூட்டையும் அதற்குள் அடைத்துவிடக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

கணினி வழிகாட்டும் கை ரவுட்டர் ஒன்றும் வந்திருக்கிறது. ஷேப்பர் ஆரிஜின் என்று பெயர். பலகையில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் அச்சிட்ட நாடாவை ஒட்டினால், கருவியின் கேமரா அதைப் பார்த்துத் தான் எங்கே நிற்கிறது என்று அறிந்துகொள்கிறது. நாம் கோட்டையொட்டி ஏறத்தாழ நகர்த்தினால், நம் கை விலகும் சிறு அளவைத் துளைப்பான் தானே சரிசெய்துகொள்ளும். பூட்டு, கீல் பதிக்கும் குழிகளை அளவு மாறாமல் எடுக்க நல்ல கருவி. கதவு முழுவதும் செதுக்க வேண்டுமென்றால், அதற்குரிய பெரிய இயந்திரம் வைத்திருப்பவரிடம் கூலிக்குக் கொடுத்துவிடலாம்.

போச்சம்பள்ளி அலமாரி வேலை:

மேலே சொன்ன அனைத்தையும் விட நான் அதிகம் கவலைப்படுவது தூசியைப் பற்றி. விரல் போனால் அன்றே தெரியும், மருத்துவமனைக்கு ஓடுவோம். தூசி இருபது ஆண்டு கழித்துத்தான் தன் வேலையைக் காட்டும்.

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இலேயே மரத்தூளை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான முதல் வகையில் சேர்த்துவிட்டது. மூக்கின் உட்பகுதியிலும் அதைச் சுற்றிய எலும்பறைகளிலும் வரும் புற்றுநோய் அது. பிளைவுட், மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் ஆகிய பலகைகளின் பசையிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடையும் 2004இல் அதே வகையில் வைத்தார்கள். இன்று நம் பக்கத்தில் சமையலறை அலமாரி வேலை முழுவதும் இந்தப் பலகைகளில்தான் நடக்கிறது. எம்டிஎஃபை ரவுட்டரில் ஓட்டும்போது பறப்பது சீவல் அன்று, மாவு. தரையில் குவிவது கண்ணுக்குத் தெரிகிறது, பெருக்கிவிடுகிறோம். கண்ணுக்குத் தெரியாமல் மணிக்கணக்கில் காற்றில் மிதப்பதுதான் நுரையீரலின் அடிவரை போகிறது. அதைத் தோளில் கிடக்கும் துண்டு தடுக்காது.

ஐரோப்பியக் கருவிகளில் தூசி உறிஞ்சியை எல், எம், எச் என்று தரம் பிரித்திருப்பதைக் கண்காட்சியில் பார்க்கலாம். எல் தரம் நூற்றுக்கு 99 பங்கையும், எம் தரம் 99.9 பங்கையும் பிடித்து வைக்க வேண்டும். மரத்தூளுக்கு எம் தரத்தையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன். வீட்டுத் தரையைத் துடைக்கும் உறிஞ்சியை வைத்தால் பெருந்தூளை இழுத்துவிட்டு நுண்தூளைப் பின்பக்கம் ஊதிவிடும், அதனால் தீமையே கூடும். விலை தாங்காதவர்கள், உறிஞ்சிக்கும் கருவிக்கும் நடுவே கூம்பு வடிவச் சுழற்சிப் பிரிப்பானைப் பொருத்திய டிரம் ஒன்றை வைத்தால், பெரும்பகுதித் தூள் டிரம்மிலேயே விழுந்து வடிகட்டி நெடுநாள் உழைக்கும். கருவியை வாங்கும்போதே அதில் உறிஞ்சிக் குழாய் மாட்டும் வாய் இருக்கிறதா, அதன் விட்டம் நம் குழாய்க்குப் பொருந்துமா என்று பாருங்கள். மணல்தாள் தேய்க்கும் சாண்டர், ரவுட்டர் இரண்டுக்கும் இது கட்டாயம். இவை எல்லாம் வரும் வரை, நன்றாக மூக்கோடு ஒட்டும் என்95 முகமூடி ஒவ்வொருவருக்கும் தினமும் வேண்டும், வேலை கற்கும் பையனுக்கும் சேர்த்து.

தேன்கனிக்கோட்டை ஐயா சொன்ன தேக்கு, அதோடு ஈட்டியும் சிலருக்குத் தோலில் அரிப்பையும் கொப்புளத்தையும் தரும். அது உடம்பு சூடு என்று சொல்லி விட்டுவிடக் கூடாது.

கிருஷ்ணகிரி கணக்கர்:

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. மின்கருவிகளுக்குச் சரக்கு சேவை வரி 18 விழுக்காடு. பதிவு பெற்ற பட்டறையாக இருந்தால் கட்ட வேண்டிய வரியில் அதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம், அதற்குக் கடையில் பட்டறையின் வரிப் பதிவு எண்ணோடு பட்டியல் வாங்க வேண்டும். தமிழ்நாடு அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் 35 வயது நிறைந்த கைவினைத் தொழிலாளர்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 விழுக்காடு, அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியமும், 5 விழுக்காடு வரை வட்டிச் சலுகையும் உண்டு. விண்ணப்பிக்கும் வழியை மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். கடனுக்கு ஒப்புதல் வருமுன் கருவியை வாங்கிவிட வேண்டாம். கட்டட வேலைக்கும் போகும் தச்சர்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறார்களா என்பதையும் இத்துடன் சரிபார்த்துக்கொள்ளுங்கள். விபத்து உதவி பதிவு செய்தவருக்கே கிடைக்கும்.

காவேரிப்பட்டணம் பட்டறை:

அனைவருக்கும் நன்றி. பாலக்கோடு அண்ணன் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். எங்கள் பட்டறையில் மார்பிள் கட்டருக்கு இனி இடமில்லை. வழிகாட்டிச் சட்டத்தோடு கூடிய மின்கம்பி வட்ட ரம்பமும் எம் தரத் தூசி உறிஞ்சியும் முதலில், சுருள் உருளைப் பிளேனர் அதன் பிறகு, பேட்டரி டிரில்லைத் தவிர வேறு பேட்டரிக் கருவி இப்போதைக்கு இல்லை என்று முடிவு செய்திருக்கிறோம்.

ஒன்று மிச்சமிருக்கிறது. எங்களிடம் இருப்பது உள்ளூரில் செய்த மேசை ரம்பம். இரும்புச் சட்டத்தில் மோட்டாரும் பெல்ட்டும், மேலே பிளேடு மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். நம் பக்கத்தில் பெரும்பாலான பட்டறைகளில் இதே அமைப்புத்தான். தானாக நிற்கும் ரம்பம் வாங்கும் வரை இதைத்தான் ஓட்டியாக வேண்டும். பிளேடுக்குப் பின்னால் நிற்கும் பிளவுத் தகட்டை இதில் பொருத்த முடியுமா? ஓசூர்த் தம்பிதான் சொல்ல வேண்டும்.

ஓசூர் பராமரிப்பாளர்:

முடியும் ஐயா, பொருத்தியே ஆக வேண்டும். மேசை ரம்பத்தில் பலகை உதைப்பதற்கு முதல் காரணம், அறுத்த பிளவு பின்னால் மூடுவதோ, பலகை திரும்பிப் பிளேடின் பின்பற்களில் ஏறுவதோதான். பின்பற்கள் மேல்நோக்கி எழுந்து முன்னால் வருவதால், பலகையைத் தூக்கி ஆளின் மேல் எறிகின்றன. பலகையோடு சேர்ந்து கையும் பிளேடின் மேல் இழுபடும். பிளவுக்குள் ஒரு தகடு நின்றுவிட்டால் இரண்டுமே நடக்காது.

தகட்டின் தடிப்பில்தான் கவனம் வேண்டும். அது பிளேடின் உடல் தடிப்பை விடச் சற்றுக் கூடுதலாகவும், பற்கள் அறுக்கும் பிளவின் அகலத்தை விடச் சற்றுக் குறைவாகவும் இருக்க வேண்டும். உடல் 2.2 மி.மீ., பிளவு 3.2 மி.மீ. என்றால் 2.5 மி.மீ. தகடு பொருந்தும். பிளவை விடத் தடித்திருந்தால் பலகை மாட்டிக்கொள்ளும், அந்நேரம் கையால் வலுவாகத் தள்ளுவது உதைப்பைவிட ஆபத்து. தகட்டின் முன்விளிம்பைப் பிளேடின் வளைவுக்கு இணையாக வெட்டி, பற்களிலிருந்து 3 முதல் 8 மி.மீ. இடைவெளியில் நிறுத்த வேண்டும். உச்சி, பிளேடின் உச்சியை விட ஓரிரு மி.மீ. தாழ்ந்திருந்தால் பள்ளம் எடுக்கும் வேலைக்கும் கழற்ற வேண்டியிராது. கழற்றும் தேவை வராத தகடுதான் கடைசிவரை அதன் இடத்தில் நிற்கும்.

உங்கள் மேசையில் பிளேடு ஏறி இறங்குமா, அல்லது மேசைப் பலகை ஏறி இறங்குமா என்று பாருங்கள். பிளேடு அச்சு அசையாமல் மேசைப் பலகை மட்டும் நகரும் அமைப்பாக இருந்தால் வேலை எளிது: அச்சைத் தாங்கும் பேரிங் கட்டையிலேயே ஒரு தாங்கி பற்றவைத்து, இரண்டு போல்ட்டில் தகட்டை இறுக்கலாம். அச்சு நகரும் அமைப்பானால் தாங்கியும் அதோடு சேர்ந்து நகர வேண்டும். தகட்டைச் சாதாரணத் தகரத்தில் செய்யக் கூடாது, வளைந்து பிளேடில் பட்டுவிடும். பழைய வட்ட ரம்பப் பிளேடின் உடலையோ, வில் எஃகுத் தகட்டையோ லேசரில் வெட்டித் தரும் கடைகள் ஓசூர்த் தொழிற்பேட்டையில் இருக்கின்றன.

அதோடு அந்த மேசையின் மின் இணைப்பில் மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பான் இருக்கிறதா என்றும், முழங்காலால் தட்டினாலே நிற்கும் அகலமான சிவப்புச் சுவிட்ச் இருக்கிறதா என்றும் பாருங்கள். மின்சாரம் போய்த் திரும்பி வரும்போது தானாக ஓடத் தொடங்காத சுவிட்சாக அது இருக்க வேண்டும். பிளேடின் விட்டம், உடல் தடிப்பு, பல்லின் அகலம், அச்சின் விட்டம் ஆகிய நான்கு அளவுகளையும், பேரிங் கட்டையின் படத்தையும் இங்கே பதிவிடுங்கள் ஐயா. வரைபடம் போட்டுத் தருகிறேன். இதே அமைப்பு வைத்திருக்கும் மற்றவர்களும் தங்கள் அளவுகளைச் சேர்த்து எழுதினால், ஒன்றாக வெட்டக் கொடுத்துவிடலாம்.